ஆவுடையாள் திருத்தலத்தில் ஒரு தொழுவத் தங்கல்

தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்களுள் மண் தலமாக விளங்குவது சங்கரன்கோவில். அரியும் அரனும் ஒரே திருமேனியராய்ச் சங்கரநாராயணர் அருள்பாலிக்கும் இத்தலத்தில் அன்னையின் திருநாமம் கோமதி. 'கோ' என்றால் பசு. தேவமாதர் பசுக்களாய் உடன்வர, மதிமுகத்தினளாய்த் தவம் இயற்ற வந்தமையால் அன்னைக்கு இப்பெயர் அமைந்தது என்பர். ஆக்களை உடையவள் ஆதலின் ஆவுடையாள் என்றும் போற்றப்படுகிறாள். அவளைத் தரிசிக்க வருவோர் பசுத்தொழுவில் தங்குவது எத்துணைப் பொருத்தம்!

முற்காலத்தில் ஆடித்தபசுக்குக் கட்டுச்சோற்றுடன் வண்டி கட்டி வந்த குடும்பங்கள், வழியில் உறவினர் தோட்டங்களில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, தொழுவத் திண்ணையிலேயே இரவைக் கழித்தன. பின்னர் உழவுக்கு டிராக்டர் வந்தது, எருதுகள் குறைந்தன, தொழுவங்கள் வெறிச்சோடின. பல இடிந்தன. சிலவற்றை மட்டும் செப்பனிட்டு, திருவிழாவுக்கு வரும் விருந்தினர் தங்கும் இடமாக்கியுள்ளனர்.

அத்தகைய தொழுவில் ஆடம்பரம் எதுவும் இராது. கருங்கற் சுவர், பனங்கை உத்திரம், மேலே நாட்டு ஓடு. மாடு தின்ற காடி இப்போது பெட்டி வைக்கும் மேடை. தளம் மட்டும் சிமெண்டு. கயிற்றுக் கட்டில், குடிதண்ணீர்ப் பானை, வெளியே வேப்பமர நிழல். முழங்கால் வலியுள்ள முதியோர், படிகள் உண்டா, கழிப்பறை அருகில் உள்ளதா என்பதை முன்பே கேட்டறிந்து செல்லுதல் நலம். இரவில் கைவிளக்கின்றி வெளியே கால் வைத்தலாகாது.

இவ்விடத்து இருள்தான் இத்தலத்தின் ஒரு வழிபாட்டை விளக்குகிறது. சங்கரன்கோவில் உண்டியலில் பாம்பு, தேள் உருவங்களைக் காணிக்கையாகச் செலுத்துவர். நகரத்தில் இருப்போர்க்கு அது வெறும் சடங்காகத் தோன்றலாம். வைக்கோற் படப்பின் அருகே ஓரிரவு உறங்கியவர்க்கோ, விடியுமுன் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்லும் உழவரின் அச்சமும் அவர்தம் நம்பிக்கையும் ஒருங்கே விளங்கும். சிவனே பெரியவன் எனச் சங்கனும், திருமாலே பெரியவன் எனப் பதுமனும் வாதிட்டு, இறுதியில் இருவரையும் ஒன்றாய்க் கண்டு தெளிந்த தலம் இது. அவ்விரு நாகங்கள் அமைத்ததாகக் கூறப்படும் நாகசுனை கோயிலுக்குள் உள்ளது.

தலவரலாறும் ஒரு தோட்டத்திலேயே தொடங்குகிறது. சாபத்தால் மண்ணுலகில் பிறந்த மணிக்கிரீவன் புன்னைவனத்துக்குக் காவலனாய் இருந்தான். தோட்டத்தின் ஒரு மூலையில் வளர்ந்த புற்றை அகற்ற முனைந்தபோது, அதிலிருந்த பாம்பின் வால் வெட்டுண்டது. அருகே சிவலிங்கம் வெளிப்பட்டது. அச்செய்தி எட்டி, உக்கிரபாண்டியன் அங்கே கோயில் எழுப்பினான். முதற்காட்சி கிடைத்தது மன்னனுக்கன்று. நிலத்தைக் காத்துக் கிடந்த எளியவனுக்கு. இன்றும் புற்றுமண்ணே இங்குப் பிரசாதம். அடியார்கள் அதனை நெற்றியில் இட்டுக்கொள்வர். இல்லத்திலும் வைத்துப் போற்றுவர்.

ஆடி மாதத்து 12 நாள் விழாவில் 11-ஆம் நாள் தபசுக்காட்சி. அன்னை காலையில் தபசு மண்டபத்துக்கு எழுந்தருள, மாலையில் சுவாமி சங்கரநாராயணராகவும் இரவில் சங்கரலிங்கமாகவும் காட்சி தருகிறார். அப்போது உழவர்கள் தம் நிலத்தில் விளைந்த பருத்தி, மிளகாய் வற்றல், தானியங்களைச் சூறையிட்டு வழிபடுவர். தங்கியிருந்த தோட்டத்தில் விளைந்தது அன்னையின் முன் சொரிவதைக் காணும்போது, வயலும் சந்நிதியும் வேறல்ல என்ற உண்மை நெஞ்சில் பதியும்.

இல்லத்தில் செய்யும் ஜபத்தினும் பசுத்தொழுவில் செய்யும் ஜபம் பன்மடங்கு பலன் தரும் என்பது பெரியோர் வாக்கு. அப்பலன் கூரையால் வருவதன்று; பசுவால் வருவது. ஆதலின் தொழுவத்தைத் தங்குமிடமாக்குவோர் ஒரு மூலையையேனும் பசுவுக்கு விட்டுவைத்தல் வேண்டும். தங்கச் செல்வோரும் பசு கட்டியுள்ள தோட்டத்தையே நாடி, ஒரு கட்டுப் புல்லுக்காவது பொருள் அளித்து வருதல் நன்று. அது அறைவாடகையன்று, கோமதிக்குச் செய்யும் கைங்கரியம். புன்னைவனத்தின் ஒரு மூலையில்தானே இறைவன் காத்திருந்தான்!

திருநெல்வேலியிலிருந்தும் இராஜபாளையத்திலிருந்தும் பேருந்துகள் உள்ளன. விருதுநகர் - தென்காசி இருப்புப்பாதையில் சங்கரன்கோவில் நிலையம் உள்ளது. ஆடித்தபசின்போது கூட்டம் மிகும். முதியோர் மற்ற நாள்களில் சென்றால் அமைதியாகத் தரிசிக்கலாம். விடியலில் கன்றின் குரல் கேட்டு எழுந்து, நீராடி, ஆவுடையாள் சந்நிதியில் நிற்கும் பேறு அனைவர்க்கும் வாய்ப்பதாகுக!