கட்டைவிரல் அறிந்த மாரியோ

பழுது பார்த்து முடித்த ஜாய்ஸ்டிக் சரியாகிவிட்டதா என்று பார்க்க நான் முதலில் செருகுவது ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ கேசட். 1985-இல் வந்த ஆட்டம், மொத்தமே 40 கிலோபைட். மேகத்துக்கும் செடிக்கும் ஒரே படம்தான், நிறத்தை மட்டும் மாற்றிப் போட்டிருப்பார்கள். அவ்வளவு சிக்கனத்திலும் குதிப்பதில் மட்டும் கை வைக்கவில்லை. ஏ பட்டனைத் தட்டினால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி. பி பட்டனைப் பிடித்து ஓடிவந்து குதித்தால் அதற்கும் மேலே. கார்பன் ரப்பர் சற்றுத் தேய்ந்திருந்தாலும் தொடர்பு நடுவில் விட்டுவிடும், மாரியோ பாதியிலேயே இறங்கிவிடுவான். மல்ட்டிமீட்டர் சொல்லாததைக்கூட அந்தக் குதி சொல்லிவிடும்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதலில் கட்டைவிரலைப் பழக்கச் சொல்வேன். விரலின் நுனி பி மேல் படிந்திருக்க வேண்டும், நுனியை எடுக்காமல் கணுப்பக்கத்தை ஏ மேல் சாய்க்க வேண்டும். இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பது சோதனை ஆகாது. விளையாடுகிறவன் அப்படி விளையாடுவதில்லை. ஓடுகிற வேகத்தில் ஒரு கல் அகலக் குழியை மாரியோ குதிக்காமலே தாண்டிவிடுவான். அங்கே விழுந்தால் பி பட்டன் எங்கோ விட்டு விட்டுப் பிடிக்கிறது என்று அர்த்தம்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாய் செங்கல்பட்டு பஜாரில் ரேடியோ, டிவி பார்த்துக்கொண்டிருந்தவர். கேம் விளையாடத் தெரியாது, ஆனால் கேசட்டைத் தொட்டாலே ஊர் சொல்லுவார். கோவளம், மகாபலிபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து வருகிற கேசட் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். உப்புக்காற்று அலமாரிக்குள் வைத்ததையும் விடாது. கேசட் ஓடவில்லை என்றால் பையன்கள் வாயால் ஊதுவார்கள். ஊதியதும் ஓடிவிடும், உண்மைதான். எடுத்து மறுபடி செருகியதால்தான் ஓடுகிறது, ஊதியதால் அல்ல. வாயின் ஈரம் அடுத்த மாதக் களிம்புக்கு வித்து. “தம்பி, ஊதறது அடுப்புக்கு” என்பார் பாய். வெள்ளை ரப்பரால் பின்களை நீளவாக்கில் ஒரே திசையில் தேய்த்து, பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பார். 60 பின்னுக்கும் பொறுமை வேண்டும். எமரி ஷீட்டை எடுத்தால் கையைத் தட்டிவிடுவார். முலாம் போய்விட்டால் அந்தக் கேசட்டுக்கு ஆயுள் இல்லை.

மேஜையில் மாரியோவோடு வேறு சில கேசட்டுகளும் இருக்கும். நாலு திசையும் பார்க்க ‘பேட்டில் சிட்டி’. குறுக்குத் திசை பார்க்க ‘கான்ட்ரா’, ஓடிக்கொண்டே மேல்மூலையில் சுட்டால் தெரிந்துவிடும். இடம், வலம், கீழ், ஏ, பி மட்டும் போதுமென்றால் ‘டாக்டர் மாரியோ’. இப்படி ஒவ்வொன்றையும் கைக்கு என்ன வேலை வைக்கிறது என்று பார்த்துப் பார்த்து, தாய் வரிசை ஆட்டத்தையும் அதிலிருந்து பிரிந்த கிளைகளையும் அதே கணக்கில் எடைபோடும் பழக்கம் வந்துவிட்டது. கிளை ஆட்டம் தாயிடமிருந்து முகத்தை எடுத்ததா, கையை எடுத்ததா? கதை, படம் எல்லாம் எனக்கு அப்புறம்தான்.

1990-இல் வந்த ‘டாக்டர் மாரியோ’ முகத்தை மட்டும் எடுத்தது. மாரியோ வெள்ளைக் கோட்டுப் போட்டு ஓரமாக நின்று மாத்திரை எறிவார், நாம் அதைத் திருப்பி நிறம் சேர்க்க வேண்டும். ஓட்டமும் இல்லை, குதியும் இல்லை. அதில் எனக்குக் குறையே தெரியவில்லை. குதிக்கலாம் என்று அது ஆசை காட்டவே இல்லையே. ஆசை காட்டிவிட்டுக் கைவிடுகிற கிளைகளைத்தான் என்னால் பொறுக்க முடியாது. ‘கான்ட்ரா ஃபோர்ஸ்’ என்று 1992-இல் ஒன்று வந்தது. முதலில் அது கான்ட்ராவே இல்லை. வேறு பெயரில் தனி ஆட்டமாகச் செய்துகொண்டிருந்ததற்குப் பெயர்ப்பலகையை மாற்றி விட்டார்கள். சுட்டால் திரை மின்னும், ஆள் சேற்றில் நடப்பதுபோல நகர்வான். கான்ட்ராவில் பழகிய கை அதில் ஒரு நிமிஷம் தாங்காது.

நம் ஊரில் இந்த வகை இன்னும் அதிகம் புழங்கியது. எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய் பீச் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே பர்மா பஜார், அங்கே அடுக்கடுக்காகக் கள்ளக் கேசட். ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே உண்மையில் கொஞ்சம் ஆட்டம்தான். அதையே வேறு ஸ்டேஜில் தொடங்கவைத்து வேறு பெயர் கொடுத்து நிரப்பியிருப்பார்கள். மாரியோ தலையை எவனுக்கு வேண்டுமானாலும் ஒட்டிவிடுவார்கள். ‘சோமாரி’ என்று 1994-இல் வந்த ஒன்றில் சோனிக் ஓடவேண்டிய பாதையில் மாரியோ ஓடுவான். தலை மாரியோ, பாதை சோனிக், இரண்டு பேருடைய கையும் அதில் கிடையாது. சரிவில் வேகம் எடுக்கும் இடத்தில் சுருதி விட்டுப்போகும்.

ஆனால் ஒட்டுவேலை எல்லாமே மோசம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 1988-இல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2’ என்று வந்ததே, அது பிறப்பில் மாரியோ இல்லை. ஃபூஜி டிவி 1987-இல் நடத்திய ஒரு விழாவுக்காக நின்டெண்டோ செய்த ‘டோக்கி டோக்கி பேனிக்’. ஜப்பானில் வந்த உண்மையான இரண்டாம் பாகம் ரொம்பக் கடினம் என்று நினைத்து, இதில் நாலு பேர் உருவத்தையும் மாற்றி அனுப்பினார்கள். எதிரி தலையில் குதித்தால் அவன் சாகமாட்டான், நாம் அவன்மேல் சவாரி போவோம். கீரையைப் பிடுங்கி எறிய வேண்டும். எங்கள் கடையில் பையன்கள் இதைப் பார்த்து “மாரியோ டூப்ளிகேட்” என்று தூக்கிப்போட்டார்கள். எனக்கு மட்டும் விரலில் அந்நியமாகப்படவில்லை. காரணம் பிறகு தெரிந்தது. மூல ஆட்டத்தில் ஓட்டம் கிடையாது. மாரியோவாக மாற்றும்போது பி பட்டனைப் பிடித்தால் ஓடுகிற வழியைச் சேர்த்திருந்தார்கள். உருவத்தை மாற்றியதோடு நிற்காமல் கையையும் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள், தொழில் தெரிந்தவன் செய்கிற வேலை அது. அந்தக் கிளையில் வந்த முகமூடி ஷை கையும், நடக்கிற வெடிகுண்டு பாப்-ஆம்பும் பிற்பாடு தாய் வரிசையிலேயே குடியேறிவிட்டார்கள்.

இலைப் பாவாடைக்காரன் ஓடுகிற ‘அட்வென்ச்சர் ஐலண்ட்’ இன்னொரு விதம். அது 1986-இல் வந்த ‘வொண்டர் பாய்’ ஆட்டத்தின் ஆளை மட்டும் மாற்றிச் செய்தது. அதற்கப்புறம் வொண்டர் பாய் கத்தி, கவசம், கடை என்று வேறு பக்கம் போய்விட்டது. பழைய ஓட்டம், பழம் பொறுக்கல், கோடாலி எல்லாவற்றையும் வைத்துக் காப்பாற்றியது பிரிந்துபோன இதுதான். எது தாய், எது கிளை என்று என்னைக் கேட்டால், கையை வைத்திருப்பதைத்தான் காட்டுவேன்.

பிறகு பிளேஸ்டேஷன் காலம். மணிக்கு இவ்வளவு என்று கடைகள் வந்தன, பழுதும் வந்தது. ஜாய்ஸ்டிக்கைத் திறந்தால் எந்த ஆட்டம் அதிகம் ஓடுகிறது என்று ரப்பர் தேய்மானத்திலேயே தெரியும். எக்ஸ், வட்டம் இரண்டும் மட்டும் பள்ளமாகியிருந்தால் ‘டெக்கன் 3’, அதிலும் எட்டி கோர்டோவை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கிற பையன்கள் வருகிற கடை. டெக்கனில் நாலு பட்டன் என்பது இரண்டு கை, இரண்டு கால். கதையில் சேராத ‘டெக்கன் டேக் டோர்னமென்ட்’ அதை அப்படியே வைத்துக்கொண்டு ஆள் மாற்ற ஒரு பட்டனை மட்டும் கூட்டியது. முதல் நாளே பையன்கள் பழைய வித்தையெல்லாம் அதில் செய்தார்கள். அந்த ஐந்தாவது பட்டனும் என் மேஜைக்கு வர ஆரம்பித்தது, வேறென்ன.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். நாம் மூலம் என்று நினைத்து விளையாடியதே மூலம் இல்லை. ஜப்பானில் மாரியோ நொடிக்கு 60 படமாக ஓடும். நம் டிவி பால் முறை, நான் பிரித்த பெட்டிகள் அதற்கேற்ப நொடிக்கு 50-இல் ஓடுகிறவை. ஆறில் ஒரு பங்கு மெதுவு. பாட்டும் இழுத்துக்கொண்டுதான் வரும், நமக்கு அதுவே இனிமை. இன்றைக்கு அதே பழைய ஆள் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு 60-இல் ஆடினால் சும்மா கிடக்கிற குழியில் விழுகிறார். வயசாகிவிட்டது என்று சிரிக்கிறார். வயசு இல்லை சார், உங்கள் விரல் படித்தது செங்கல்பட்டு மாரியோ. செட்டிங்கில் பால் என்று மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், விரல் தானாகப் பேசும்.

இப்போது ஸ்விட்ச் ஜாய்கான்தான் அதிகம் வருகிறது, கூடவே ‘மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்’. ஸ்விட்சில் எல்லா ஆட்டத்தையும்விட அதிகம் விற்றது இந்தக் கிளைதான் என்கிறார்கள். விற்பனைக் கணக்கு என் மேஜைக்கு உதவாது. ஆனால் ஆர் பட்டனை அழுத்தினால் வண்டி ஒரு துள்ளுத் துள்ளும், துள்ளலோடு ஸ்டிக்கைச் சாய்த்தால் சறுக்கும், எவ்வளவு நேரம் பிடித்திருந்து விடுகிறோமோ அவ்வளவு வேகம். 1985-இல் ஏ பட்டனில் வைத்த அதே கணக்கு, இப்போது நாலு சக்கரத்தின் மேல்.

ஸ்டிக் தானாக இழுக்கிறது என்று யாராவது ஜாய்கானைக் கொண்டுவந்தால் இதிலேயே பார்த்துவிடலாம். நேர்ச்சாலையில் வண்டியை விட்டு ஸ்டிக்கிலிருந்து விரலை எடுங்கள். பக்கவாட்டில் ஒதுங்கினால் பழுது. ஆனால் முதலில் வண்டியின் பின்பக்கம் பாருங்கள். அங்கே சின்ன ஆன்டெனா நின்றால் ஸ்மார்ட் ஸ்டீயரிங் ஓடுகிறது, அது சாலையோரத்தில் வண்டியைப் பிடித்து உள்ளே தள்ளிப் பழுதை மறைத்துவிடும். ஜாய்கானைச் சாய்த்து ஓட்டுகிற வசதியையும் சேர்த்து அணைத்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். அணைக்காமல் ‘நல்லாயிருக்கு’ என்று கொடுத்தனுப்பினால் சாயங்காலமே திரும்பி வரும்.