முந்தின நாள் பேச்சு

அரசு மருத்துவமனை, ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு. பன்னிரண்டாம் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். பதின்மூன்றில் காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிற பெரியவர். இருவருக்கும் மறுநாள் காலை ஹெர்னியா ஆபரேஷன்.

டிரைவரைப் பார்க்க மச்சினன் வந்திருக்கிறான். ஆப்பிள் பையை வைத்த கையோடு ஆரம்பிக்கிறான்: "எங்க முதலாளிக்கும் இதே ஆபரேஷன்தான் மாமா. மூணு நாளு கத்துன கத்து இருக்கே... உசுரே போயிடுச்சுன்னாரு." போன உயிர் எப்போது திரும்பியது என்று அவன் சொல்லவில்லை. டிரைவர் சிரிக்கப் பார்க்கிறார். கை தன்னால் அடிவயிற்றுக்குப் போகிறது.

அடுத்த கட்டிலுக்கு மயக்க டாக்டர் வருகிறார். சின்ன வயசுப் பெண். கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு நகராமல் அங்கேயே நிற்கிறார்.

"முதுகுல ஊசி போடுவோம்யா. இடுப்புக்குக் கீழ மரத்துப் போயிடும். மூணு நாலு மணி நேரத்துல கட்டைவிரல் அசைய ஆரம்பிக்கும். வலியும் அப்பத்தான் வரும். தையல் போட்ட இடம் இழுக்கும், எரியும். வர வேண்டிய வலிதான், பயப்படாதீங்க. தாங்க முடியாமப் போறவரைக்கும் பொறுத்துக்கிட்டுக் கிடக்காம சிஸ்டர்கிட்ட சொல்லிடுங்க. இருமல் வந்தா தலையணைய அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருமுங்க. எங்க, ஒரு தடவை இருமிக் காட்டுங்க."

பெரியவர் வெட்கத்தோடு இருமிக் காட்டுகிறார். டாக்டர் டிரைவர் பக்கம் திரும்பும்போது போன் அடிக்கிறது, தியேட்டருக்கு ஓடுகிறார்.

மறுநாள் பிற்பகல். டிரைவருக்கு இன்னும் கால் அசையவில்லை. கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருக்கிறார். மரப்பு விட்டதும் வலி ஊசி போடுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "சிஸ்டர், ஒண்ணும் கேக்கல" என்கிறார். பெரியவர் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அது அசைந்ததும், "சிஸ்டர், ஆரம்பிச்சிருச்சு" என்கிறார், பஸ் வந்துவிட்டதைச் சொல்கிற குரலில். அவருக்கும் முகம் சுளிக்கிறது, பல்லைக் கடிக்கிறார். ஆனால் ஊசிக்குப் பிறகு தூங்குகிறார்.

இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. டிரைவருக்குக் கிழிசலே பெரிதாக இருந்திருக்கலாம். ஆனால் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், முன்கூட்டியே சொன்னால் வலி குறையுமா என்பதை முறையாகவே சோதித்து 1964இல் வெளியிட்டார்கள். வயிற்று அறுவை சிகிச்சைக்கு வந்த 97 பேரில் 46 பேருக்கு மட்டும் மயக்க மருத்துவர் முந்தின நாளே எங்கே வலிக்கும், எவ்வளவு, எத்தனை நாள், உடம்பை எப்படித் தளர்த்திக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்தார். பிறகும் போய்ப் பார்த்தார். மார்ஃபின் வகை மருந்து அவர்களுக்குப் பாதி அளவே தேவைப்பட்டது. யாருக்குச் சொன்னார்கள் என்று அறியாத சர்ஜன்கள் அவர்களைச் சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சொல்லாலும் நம்பிக்கையாலும் வலி குறைவதை மனப்பிரமை என்று தள்ளவும் முடியாது. 1978இல், கடைவாய்ப் பல் பிடுங்கப்பட்டவர்களில் சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசியை நம்பிக் கிடைத்த நிவாரணம், மார்ஃபினை முறிக்கும் நாலாக்சோனைக் கொடுத்ததும் மறைந்தது. உடம்பே தன் மருந்தைச் சுரந்திருக்கிறது என்பதற்கு அது ஒரு தடயம்.

வார்டு கேஸ் ஷீட்டில் ஊசிகள் போட்ட நேரத்தோடு பதிவாகியிருக்கின்றன. அந்த ஐந்து நிமிடப் பேச்சு எதிலும் பதிவாகவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், முந்தின நாளே மயக்க டாக்டரைப் பார்த்து, வலி எப்போது தொடங்கும், எத்தனை நாள் இருக்கும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அவர் வராவிட்டால் சிஸ்டரிடம் சொல்லிக் கூப்பிட்டனுப்புங்கள்.