கொடியில் காயும் மானம்

ஆண்டு மலருக்குக் கட்டுரை தரவேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் கண்டதுமே, காவிரியின் எழிலையும் மலைக்கோட்டையின் மாட்சியையும் ‘இளைஞர் கையில் எதிர்காலம்’ என்பதையும் நண்பர்கள் பங்கு போட்டுக்கொண்டு விட்டார்கள். மிச்சமாக எனக்குக் கிடைத்தவை ஜட்டியும் பனியனும்தான். முகம் சுளிக்க வேண்டாம். இந்த வரியைப் படிக்கும் ஆண் வாசகர் ஒவ்வொருவரும் இந்த நிமிடம் அவற்றை அணிந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். பேராசிரியப் பெருமக்களும் இதற்கு விலக்கல்லர் என்று நம்புகிறேன்!

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்ற பழமொழியை மேடையில் முழங்குகிறவர்கள் ‘கந்தை’ என்ற சொல்லுக்கே அழுத்தம் கொடுப்பார்கள். எனக்கோ ‘கசக்கி’ என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. அடித்துக் கட்டு என்று சொல்லவில்லை. முறுக்கிப் பிழிந்து கட்டு என்றும் சொல்லவில்லை. நைந்த துணியைக் கையாண்டு பழகிய ஒருவர் வாயில்தான் இந்தப் பழமொழி பிறந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் முசிறிப் பக்கம். இப்போது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மூன்று நண்பர்களோடு மாடி அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். வீட்டிலிருந்து வரும் பணத்தில் வாடகை, மெஸ், பஸ் செலவு போக மிஞ்சுவதில்தான் துணிமணி. சட்டை கிழிந்தால் அப்பாவிடம் சொல்லலாம். ஜட்டி கிழிந்தால் எந்த வாயால் சொல்வது? ஆகவே ஆளுக்கு நான்கு ஜட்டி, மூன்று பனியன் என்று காலம் ஓடுகிறது. ஓராண்டு உழைக்க வேண்டிய ஜட்டி ஐந்தாம் மாதமே இடுப்பில் நிற்க மறுத்தால், வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்வதே ஒரு சாகசமாகிவிடும். விடை தெரிந்திருந்தும் எழாமல் உட்கார்ந்திருந்த நண்பர்களை நான் அறிவேன்.

என் தாத்தாவுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. பழைய வேட்டியில் கிழித்த ஒரு முழநீளக் கோவணமும் அரைஞாண் கயிறும்தான் அவர் உள்ளாடை. தையல் இல்லை, எலாஸ்டிக் இல்லை. காவிரியில் முங்கும்போதே மாற்றுக் கோவணத்தை அலசி, இரு முனையையும் கையில் பிடித்தபடி வரப்பில் நடப்பார். வீடு வந்து சேர்வதற்குள் அது காற்றிலேயே காய்ந்துவிடும். குளியல், சலவை, உலர்த்தல் மூன்றும் ஒரே நடையில் முடிந்துவிடும்!

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடல் பெரிபுளூஸ்’ என்ற வணிகக் குறிப்பேடு, ‘அர்கரு’ என்ற ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அது நம் உறையூரே என்பது அறிஞர் பலர் கருத்து. கடல் கடந்து துணி அனுப்பிய அந்த ஊருக்குக் கூப்பிடு தூரத்தில், என்.எஸ்.பி. ரோட்டு நடைபாதையில், நாம் இன்று திருப்பூர்ச் சரக்குக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம். திருப்பூர்ப் பனியனைக் குறை சொல்ல மாட்டேன். அதன் சுபாவம் வேட்டியின் சுபாவம் அன்று என்பதை நாம் அறிந்துகொள்ளாததுதான் கோளாறு.

வேட்டி பாவும் ஊடையுமாக நெய்த துணி. பனியன் கண்ணி கண்ணியாகப் பின்னிய துணி. அதனால்தான் இழுத்தால் விரிகிறது, விட்டால் சுருங்குகிறது. ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த கண்ணியும் பிடி நழுவுகிறது. கடுகளவு ஓட்டை ஒரே வாரத்தில் காசளவாவது இப்படித்தான். பருத்தி நூலுக்கு இன்னொரு குணமும் உண்டு. காய்ந்திருக்கும்போது இருப்பதைவிட நனைந்திருக்கும்போது அதற்கு வலிமை அதிகம். ஆக, தண்ணீரில் நனைவதால் பனியன் கெடுவதில்லை. கல்லும் பிரஷும்தான் அதைக் கொல்கின்றன.

இதை எனக்குப் பாடமாகச் சொன்னவர் வகுப்புத் தோழன் ஒருவனின் தாத்தா. கொள்ளிடக் கரையில் ஐம்பது ஆண்டு சலவைத் தொழில் செய்தவர். “கல்லுல அடிக்கிறதெல்லாம் வேட்டி, போர்வை, ஜமுக்காளத்துக்குத் தம்பி. பனியனை அடிச்சா ஓட்டைதான் மிஞ்சும். ஊற வச்சுப் பாருங்க, அழுக்கு தானா மேல வரும்” என்றார். அவர் காலத்தில் உவர்மண் கரைத்த நீரில் துணியை முக்கி, வெள்ளாவிப் பானையின் மேல் அடுக்கி, இரவு முழுதும் ஆவியில் வேகவைத்து, விடியலில் ஆற்றில் அலசுவார்களாம். உவர்மண்ணில் இருப்பது சோடா உப்பு. களர் நிலத்தில் கிணறு தோண்டி வெள்ளைத் துணி வெளுத்த பெண்ணைப் புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். களர் நிலத்து நீர் அழுக்கெடுக்கும் என்பதை வேதியியல் துறை இல்லாத காலத்திலேயே அந்தப் பெண்மணி அறிந்திருந்தாள். ஊர் அழுக்கை வெளுத்தவர்களை ஊர் எந்த இடத்தில் வைத்தது என்பது தனியாக எழுதவேண்டிய கதை.

எங்கள் அறைக் குழாயில் வருவது போர்வெல் தண்ணீர். அதிலுள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் சோப்போடு சேர்ந்ததும் நுரைக்குப் பதில் திரிந்த பால்போல் ஒரு வெண்படிவு தோன்றும். கடின நீர் என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அதுவேதான். அந்தப் படிவு நூலிழையில் ஒட்டிக்கொள்வதால்தான் பனியன் சாம்பல் நிறமாகி, அட்டைபோல் விறைத்து நிற்கிறது. வெள்ளையாக்குகிறேன் என்று அதைப் பிரஷால் தேய்ப்பவன் அழுக்கோடு நூலையும் சேர்த்துத் தேய்க்கிறான். தண்ணீரில் போதிய அளவு சலவைச் சோடா போட்டால் உப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். கார்ப்பரேஷன் குழாயில் வரும் தண்ணீர் போர்வெல்லைவிட எவ்வளவோ தேவலை. அதில் ஒரு வாளி பிடித்துவைத்துக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்கிறோம். நீலம் போடுவதைப் பற்றிச் சொல்வதானால், அது மஞ்சளைப் போக்குவதில்லை, நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கிறது. விழா நாளுக்கு அதுவும் வேண்டியதுதான்!

எலாஸ்டிக்கின் கதை வேறு. இடுப்புப் பட்டையில் இருப்பது ரப்பர் இழை, அல்லது 1958-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ் இழை. கொதிநீர் இரண்டுக்கும் ஆகாது. பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரின் ஸ்பான்டெக்ஸை அரித்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கில் ரப்பர் ஊதித் தளரும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எடுப்போர் கவனிக்க! நாள் கணக்கில் கொடியிலேயே கிடந்து வெயில் தின்றாலும் அது முறுக்கிழந்து, இழுத்தால் ‘மொரமொர’ என்று சத்தமிடும். அதனால் குளிக்கும்போதே அன்றன்றைய துணியைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, கையால் கசக்கி, முறுக்காமல் உள்ளங்கையில் அழுத்திப் பிழிவதே சிறந்தது. வியர்வை புதிதாக இருக்கும்போது சுலபமாகப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைக்கென்று மூட்டை கட்டி வைத்தால் மஞ்சளும் நாற்றமும் குடியேறிவிடும். ஈரப் பனியனைத் தோளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் நீரின் கனமே அதை முழங்கால்வரை இழுத்துவிடும் என்பதால், கொடியின் குறுக்கே பாதியாக மடித்துப் போடுவது நல்லது.

இவ்வளவும் துணியைக் காப்பாற்றும் வழி. ஆளைக் காப்பாற்றும் வழியை நான் கற்றுக்கொண்டது வேறொரு சம்பவத்தில்.

நாங்கள் குடியேறிய நாளிலேயே வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை விதித்தார். மொட்டை மாடியில் உள்ளாடை காயப் போடக்கூடாது, எதிர்வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றார். நால்வரின் ஜட்டிகளும் அறைக்குள்ளேயே, கட்டில் கம்பியிலும் கதவின் பின்புற ஆணியிலும், துண்டுக்கு அடியில் ஒளிந்து காய்ந்தன. காய்ந்தன என்பதைவிட வாடின எனலாம். ஐப்பசி அடைமழையில் அதுவும் இல்லை. அறை நண்பன் ஒருவன் தினமும் அரை ஈரத்தோடேயே மாட்டிக்கொண்டு கல்லூரிக்கு ஓடினான். கார்த்திகை பிறப்பதற்குள் அவன் இரவில் தூங்காமல் புரள ஆரம்பித்தான். தொடையிடுக்கில் படர்தாமரை. வெட்கத்தால் எங்களிடம்கூடச் சொல்லவில்லை. ஏதோ ஒரு மருந்துக் கடையில் யாருக்கும் கேட்காத குரலில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தடவினான். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. ஒரு மாதத்தில் இடுப்பைச் சுற்றி மாலைபோல் படர்ந்தது.

ஸ்டீராய்டு கலந்த களிம்பு அது. அரிப்பை அடக்கிவிட்டு, அடியில் காளானைச் செழிக்க விடும். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று 2018-இல் மத்திய அரசு விதித்த பிறகும் அவை கைக்குக் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பழைய மருந்துகளுக்கு எளிதில் மசியாத ஒரு காளான் இனத்துக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ‘டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே’ என்று பெயரிட்டார்கள். உலக அரங்கில் நம் நாட்டின் பெயர் இப்படியும் ஒலிக்கிறது!

அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அவனை நாங்கள்தான் இழுத்துச் சென்றோம். டாக்டர் அம்மா பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “துணியெல்லாம் எங்கே தம்பி காயப் போடுறீங்க?” அவன் துணிகளைத் தனியாக வெந்நீரில் அலசவேண்டும், உட்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் போடவேண்டும், ஒருவர் துண்டை இன்னொருவர் தொடக்கூடாது என்றார். மாத்திரை பல வாரம் நீண்டது. பருவத் தேர்வில் இரண்டு தாளை அவன் எழுதவில்லை.

வெந்நீரும் வெயிலும் எலாஸ்டிக்குக்கு எமன் என்று மேலே எழுதியவன் நான்தான். ஜட்டியின் ஆயுளா, நண்பனின் தொடையா என்று வந்தால் எலாஸ்டிக்கைத் தியாகம் செய்துவிடலாம். தையற்கடையில் புது எலாஸ்டிக் கோத்துக் கொடுப்பார்கள். காய்ந்தவுடன் எடுத்துவிட்டால் வெயில் செய்யும் தீங்கும் குறைவே.

தமிழில் சலவைத் தொழிலாளிக்கு ‘ஈரங்கொல்லி’ என்றொரு பெயர் உண்டு. ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் ஆடைகளை அழகாக வெளுத்துவந்த ஈரங்கொல்லி ஒருவரை இராமாநுசர் பெருமாள் முன்னே அழைத்துச் சென்று பெருமைப்படுத்தினார் என்று வைணவப் பெரியோர் சொல்வார்கள். அழுக்கைக் கொல்பவர் என்று அழைக்காமல் ஈரத்தைக் கொல்பவர் என்று அழைத்த முன்னோரின் கூர்மையை, நண்பன் படுத்திருந்த அந்த மாதத்தில்தான் நான் உணர்ந்தேன். இதே ஊரில் மடித் துணிக்கு யார் கையும் படாத உயரத்தில் ஒரு கொடி, அதை எடுக்க ஒரு கோல் என்று மரியாதை இருக்கிறது. ஜட்டிக்குத்தான் போக்கிடம் இல்லை. மாணவிகள் இந்த விஷயத்தில் படும் பாடு இதைவிடப் பெரிது என்று அறிவேன். அடுத்த மலரில் அவர்களில் ஒருவரே எழுதட்டும்.

மருத்துவமனைச் சீட்டோடு வீட்டுக்காரரிடம் போனோம். அவர் பதில் சொல்லுமுன் உள்ளிருந்து மாமி வந்து, “தண்ணித் தொட்டிக்குப் பின்னால தெற்குப் பக்கமாக் கட்டிக்கோங்கோ, அங்கே யார் கண்ணும் படாது, பத்து மணியிலேர்ந்து நல்ல வெயில்” என்று முடித்துவிட்டார். தேங்காய் நார்க் கயிற்றில் பனியன் சிக்கும் என்று நைலான் கயிறு வாங்கினோம். மழை நாளில், பிழிந்த துணியை உலர்ந்த துண்டில் சுருட்டி மேலே ஏறி மிதிக்கிறோம். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். மீதியை மின்விசிறி பார்த்துக்கொள்கிறது.

இந்த ஆடியில் காவிரிக் காற்று சும்மா இருக்குமா? அம்மியே பறக்கும்போது ஜட்டி எம்மாத்திரம்! ஒருநாள் மாலை அடுத்த வீட்டுப் பாட்டி, மடித் துணி எடுக்கும் கோலின் நுனியில் நண்பனின் நீல ஜட்டியைத் தூக்கி மதில்மேல் நீட்டிக்கொண்டு, “யாருதுடா இது? கிளிப் வாங்கப் பணம் இல்லையோ?” என்று கேட்டார். அன்று சாயங்காலமே ஒரு டஜன் வாங்கிவந்துவிட்டோம்.