48 மணி நேரத்துக்குப் பிறகு

நம் செங்கல்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18 அன்று ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கியது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ ஜிஎஸ்டி சாலையிலோ அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. உயிர் காக்கும் நல்ல ஏற்பாடு. என் கவலை அதற்குப் பிறகு வரும் வாரங்களைப் பற்றியது.

பலமாக நசுங்கிய சதைக்குள் சிலருக்குப் புது எலும்பு வளரும். காயத்தை ஆற்ற வந்த உயிரணுக்களில் சில, எலும்பு கட்டும் உயிரணுக்களாக மாறிவிடுகின்றன. முழங்கையில் வந்தால் கை மடங்காது, சோற்றுக் கவளம் வாய்க்கு எட்டாது. மாமல்லபுரத்தில் உளி பிடித்துப் பிழைப்பவருக்குத் தொழிலே போய்விடும்.

1918-லேயே ஒகுஸ்தா தெஜெரின்-க்ளம்ப்கே என்ற பெண் மருத்துவர், தண்டுவடம் அடிபட்ட பிரெஞ்சு சிப்பாய்களிடம் இதைக் கண்டு எழுதினார். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கை கால் இழந்த அமெரிக்கச் சிப்பாய்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது வந்தது. காயத்தில் ஊறும் நீரையும் ரத்தத்தையும் சோதித்து, யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல அங்கே முயல்கிறார்கள். அந்தச் சோதனை நம் வார்டுகளுக்கு வரும்வரை கண்ணே துணை. கை காலோடு தலையிலும் அடி, மூட்டு நழுவியதோடு எலும்பு முறிவு, அடுத்தடுத்து அறுவை சிகிச்சை: இப்படிப்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சில வாரங்களில் வீக்கமும் சூடும் கூடி, மடங்கிய கை நாளுக்கு நாள் மடங்க மறுத்தால் உடனே காட்டுங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. மறுபடி எடுக்க வேண்டிவரும். சீழும் ரத்தக்கட்டும்கூட இதே மாதிரி தெரியும் என்பதால் வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது.

என் வயதொத்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பார்க்கப் போகிற வீட்டில், “எண்ணெய் போட்டு நல்லா நீவி விடு, இழுத்து மடக்கு” என்று சொல்வது நாம்தான். பிரியத்தில் சொல்கிறோம். ஆனால் அடிபட்ட முழங்கையை அழுத்தி நீவுவதும் வலிக்க வலிக்க மடக்குவதும் இந்த எலும்பைத் தூண்டிவிடும் என்று எலும்பு மருத்துவர்கள் தலைமுறைகளாக எச்சரிக்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவுக்கு, அவரவரே மெல்ல அசைக்கட்டும். வளர்ந்துவிட்ட எலும்பை அறுத்தெடுக்க, பெரும்பாலும் அது முற்றும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தினக்கூலிக்காரர் அதுவரை எதைச் சாப்பிடுவார்?

ஆகவே வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: “இவருக்குச் சதையில் எலும்பு வளர வாய்ப்பு உண்டா? தடுக்க மருந்து உண்டா? அடுத்த எக்ஸ்ரே எப்போது?”