பிணமாக நடித்த நண்பர்

என் நண்பர் ஒருவர் இதுவரை 16 தடவை செத்திருக்கிறார். தூக்கில் தொங்கி இரண்டு தடவை, மாரடைப்பால் மூன்று தடவை, கெலவரப்பள்ளி அணையில் மூழ்கி ஒரு தடவை, பேய் அடித்து ஒரு தடவை. பாக்கி ஒன்பதும் கதை ஆரம்பமாவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்ட சாவுகள். அதாவது, படம் தொடங்கும்போதே சுவரில் மாலையும் மின்சார விளக்குமாகப் புகைப்படத்தில் புன்னகை புரிந்துகொண்டிருப்பார். அவருடைய மனைவிக்கு இந்த ஒன்பதும்தான் பிடிக்காது. "செத்துப் போறதாவது பரவாயில்லீங்கண்ணா, வேஷத்துக்குச் செத்தாரு, எந்திரிச்சு வந்தாரு. அந்தப் போட்டோவைக் கொண்டாந்து வீட்டுல வைக்கிறாரே, அதைத்தான் தாங்க முடியல" என்று என்னிடம் முறையிடுவார். அந்த அம்மாளின் உத்தரவுப்படி இங்கே நண்பரின் பெயரைப் போடவில்லை.

நானும் அவரும் ஓசூர் சிப்காட்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். நான் கணக்குப் பிரிவு. அவர் கடைசல் இயந்திரத்தில் ஆரம்பித்து, பிற்பாடு கம்ப்யூட்டர் சொன்னபடி கேட்கும் இயந்திரங்களுக்கு மாறியவர். நாவல் எழுதுகிறவனுக்குச் சோறு போட்டது அந்த உத்தியோகம்தான் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. எழுபதுகளில் சிப்காட் வந்து, எண்பதுகளில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யும் பெரிய ஆலைகள் வரிசையாக எழும்பியபோது, தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்காரர்களும் இங்கே வந்து குடியேறினோம். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், ஆலையில் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிற உள்ளூர்க்காரர்களைப் பார்த்து முதலில் நான் மிரண்டு போனதுண்டு. நண்பர் அப்படிப்பட்ட அசல் உள்ளூர்க்காரர்.

தொரப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம் அவருடையது. தொரப்பள்ளி என்றால் ராஜாஜி 1878-இல் பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. ராஜாஜிக்குச் சினிமா என்றால் அவ்வளவாக ஆகாது என்பது ஊரறிந்த சங்கதி. இருந்தும், அவர் எழுதிய 'திக்கற்ற பார்வதி'யைச் சிங்கீதம் சீனிவாசராவ் படமாக எடுக்க வந்தபோது நேரே தொரப்பள்ளியிலேயே காமிராவைக் கொண்டுவந்து நிறுத்தினார். லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்தார்கள். குடி ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் கதை. முதல் மந்திரியானதும் 1937-இல் மதுவிலக்கைச் சேலம் ஜில்லாவில் ஆரம்பித்தவர் அல்லவா ராஜாஜி? ஓசூர் அப்போது சேலத்தைச் சேர்ந்தது. படம் 1974-இல் வெளிவந்து, சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருதும் வாங்கிற்று. அதைப் பார்க்க ராஜாஜி உயிரோடு இல்லை.

அந்தப் படப்பிடிப்பைப் பத்து வயதுப் பையனாக வேலியோரம் நின்று பார்த்தவர் நம் நண்பர். பார்த்ததோடு நில்லாமல், கூட்டத்தில் ஒரு காட்சியில் தன்னுடைய இடது தோள் விழுந்திருக்கிறது என்று இன்றைக்கும் சாதிக்கிறார். அந்தப் படத்தை அவரோடு உட்கார்ந்து நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். தோள்கள் ஏராளமாக இருக்கின்றன. எது அவருடையது என்று அவராலேயே தீர்மானிக்க முடியவில்லை.

பிழைப்புக்காக அல்லாமல், ஆசைக்காக நடிக்கிறவர்களை அமெச்சூர் என்று சொல்லிச் சிரிப்பது நம்மவர்களின் வழக்கம். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அதில் வேஷம் கட்டியவர்கள் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களுமே. பகலில் கோர்ட்டு, ராத்திரியில் ஒத்திகை. 1952-இல் ஒய்.ஜி.பார்த்தசாரதியும் பட்டுவும் ஆரம்பித்த குழு, பெயரிலேயே அமெச்சூர் என்ற சொல்லைப் பெருமையாக வைத்துக்கொண்டது. ஆனால் நாடகத்துக்கு ஒரு மேடையும் நான்கு பெஞ்சும் போதும். சினிமாவுக்கு அது நடக்காது. பிலிம் என்ன விலை, கழுவ என்ன கூலி! ஆசைக்காகப் படம் எடுப்பது ஜமீன்தார்களுக்குத்தான் கட்டுப்படியாகும் என்றிருந்தது.

2008-இல் புகைப்படக் காமிரா ஒன்று சினிமாத் தரத்தில் படமும் பிடிக்கத் தொடங்கியதும் இந்த நிலைமை தலைகீழாயிற்று. பிலிம் வேண்டாம், கழுவ வேண்டாம். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் காட்டிய கார்த்திக் சுப்புராஜ் 2012-இல் 'பீட்சா' எடுத்தார். நலன் குமரசாமி 2013-இல் 'சூது கவ்வும்' எடுத்தார். குறும்படங்களில் நடித்துக்கொண்டிருந்த விஜய் சேதுபதி இரண்டிலும் கதாநாயகன். போதாதா? பெங்களூரில் நாள் வாடகைக்குக் காமிரா எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஓசூருக்கு வந்து இறங்கிய பையன்கள் எத்தனை பேர்! எல்லோருக்கும் கதாநாயகன் கிடைத்துவிடுவான், டைரக்டரே கதாநாயகனாகிவிடுவான். கிடைக்காதவர் ஒரே ஒருவர்தான்: ஐம்பது வயது ஆசாமி. அப்பா, இன்ஸ்பெக்டர், வீட்டுக்காரர், டாக்டர், பிணம் ஆகிய சகலத்துக்கும் ஓசூரில் அப்போது ஒரே முகவரி என் நண்பர்தான்.

கூலி கிடையாது. ஒரு பொட்டலம் எலுமிச்சைச் சாதம், சில நாட்களில் முட்டையும் உண்டு. மூன்றாவது ஷிப்ட் முடிந்து, தூங்காத கண்ணோடு நேரே படப்பிடிப்புக்குப் போவார். தனக்குக் காட்சி இல்லாத வேளையில் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு மற்றவர் முகத்தில் வெளிச்சம் விழச் செய்வார். நெடுஞ்சாலை லாரிச் சத்தம் வசனத்தை விழுங்கிவிட்டால், ஜன்னலுக்குக் கம்பளி போர்த்திய அறையில் உட்கார்ந்து மறுபடி பேசிக் கொடுப்பார். ஒரு தடவை ஒரு பையன் பாதிப் படத்தை எடுத்துவிட்டுப் பணம் புரளாமல் ஊருக்குப் போய்விட்டான். மீதிப் பாதிக்குத் தாடி மாறக் கூடாதே என்று, அவன் திரும்பி வரும் வரை மூன்று மாதம் தாடியோடேயே வேலைக்கு வந்தார் மனிதர். சூபர்வைசர் கேட்டதற்கு, பழனிக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டார். பொய்யாகக் கூடாதென்று, அப்புறம் பழனிக்கும் போய் வந்தார்.

அவர் நன்றாக நடிப்பாரா என்று நீங்கள் கேட்கலாம். நட்பை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்வதானால், சுமார்தான். காமிராவைக் கண்டதும் கழுத்து விறைத்துக்கொள்ளும். இதனால்தான் பிணமாகப் பிரகாசித்தார் என்று ஒரு முறை நான் எழுதினேன். அதைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2016 செப்டம்பரில் எனக்கு விழித்திரை கிழிந்து, பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் ஆயிற்று. அந்த மாதம்தான் காவிரித் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 12-ஆம் தேதி பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிந்தன. கலவரம் அடங்கிய பிறகும் இரண்டு பக்கத்துப் பஸ்களும் எல்லையைத் தாண்டவில்லை. அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் இறங்கி, இந்தப் பக்கம் ஜூஜூவாடி வரை ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு கண்ணில் கட்டுப் போட்ட நானும், முழங்கால் வலிக்காரியான என் மனைவியும் அப்படித்தான் ஒரு காலை வேளையில் அத்திப்பள்ளியில் வந்து இறங்கினோம். பையன் அயல்நாட்டில். வேறு நாதி இல்லை.

இறங்கிய இடத்தில் நண்பர் நின்றுகொண்டிருந்தார். ஜூஜூவாடியில் வண்டியை நிறுத்திவிட்டு எதிர்த் திசையில் நடந்து வந்திருக்கிறார். கையில் ஒரு குடை. சட்டைப் பையில் ஒரு கறுப்புக் கண்ணாடி. ஏதோ ஒரு குறும்படத்தில் இன்ஸ்பெக்டராக வந்தபோது போட்டுக்கொண்ட கண்ணாடி அது. அதை என் முகத்தில் மாட்டினார். பையைத் தோளில் போட்டுக்கொண்டார். "சார், நீங்க வாயைத் திறக்காதீங்க. யாராவது கேட்டா நான் பேசிக்கிறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாதி வழியில் சில இளைஞர்கள் எங்களை நிறுத்தினார்கள். என் நெஞ்சு படபடத்தது. நண்பர் சற்றும் தயங்காமல், "நம்மண்ணா. கண்ணு ஆப்பரேஷன் ஆகிதெ" என்றார். கழுத்து விறைக்கவில்லை. குரல் உடைந்து, கண்ணில் நீர் கட்டியே விட்டது. அந்தப் பையன்கள் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். என் மனைவி நொண்டுவதைப் பார்த்த ஒருவன், "பன்னி அம்மா" என்று தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் எல்லையில் இறக்கிவிட்டு வந்தான். என்னைப் பார்த்து அவர்கள் சிரித்த விதத்திலிருந்து, நான் தமிழன் என்பது அவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று பின்னால் எனக்குத் தோன்றியது.

வீட்டில் கொண்டுவந்து விட்டார், காப்பி சாப்பிட்டார், போய்விட்டார். அவ்வளவுதான்.

நான்கு மாதம் கழித்து ஒரு பத்திரிகையின் பொங்கல் மலருக்கு நகைச்சுவைக் கட்டுரை கேட்டார்கள். கைவசம் சரக்கு இல்லை. 'அமர நடிகர்' என்று தலைப்புப் போட்டு நண்பரைப் பிடித்துப் போட்டேன். பெயர் இல்லையே தவிர, தாடி, பழனி, பிணம், இடது தோள் எல்லாம் அதில் இருந்தன. உயிரோடு இருக்கும் பாத்திரம் கொடுத்தால் அவர் செத்தவர் போலிருப்பார், செத்தவர் பாத்திரம் கொடுத்தால் ஜீவகளையோடு இருப்பார் என்ற ரீதியில் நாலு பக்கம். நிறையப் பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். நண்பர் கடைக்குப் போய் 12 பிரதிகள் வாங்கி, ஷிப்டில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். "சார் என்னைப் பத்தி எழுதியிருக்காரு" என்று சொல்லியே கொடுத்தாராம். படித்துவிட்டு என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் மனைவி மட்டும் கொஞ்ச நாள் என்னை 'அண்ணா' என்று கூப்பிடாமல் 'சார்' என்று கூப்பிட்டார்.

2018-இல் ஒரு நாள், பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் ஓர் இளைஞன் வந்து வணக்கம் சொன்னான். முன்பு இங்கே குறும்படம் எடுத்தவன். சென்னையில் உதவி டைரக்டராகச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். பேச்சு நண்பரிடம் போயிற்று.

"அங்கிளுக்கு ஒரு நல்ல சான்ஸ் வாங்கிக் கொடுத்தேன் சார். நிஜமான சினிமா. கிருஷ்ணகிரி அணைக்கட்டுக்கிட்ட ஷூட்டிங். பொண்ணோட அப்பா வேஷம், நாலு வசனம். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். காலையில ஏழு மணிக்குப் போன் பண்றாரு. எங்கண்ணனுக்குக் கண் ஆப்பரேஷன், பார்டர்ல பஸ் இல்ல, கூட்டிட்டு வரணும்னு. எங்களால காத்திருக்க முடியல சார். வேற ஆளைப் போட்டுட்டோம்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவங்க அண்ணனுக்கு இப்ப எப்படி சார் இருக்கு?" என்று கேட்டான் பையன்.

"சௌக்கியமாக இருக்கிறார். பார்வை நன்றாகத் தெரிகிறது" என்றேன்.

அன்று சாயங்காலமே நண்பரைத் தேடிப் போனேன். வழக்கம்போல் சந்திர சூடேஸ்வரர் மலைக்குப் போயிருப்பதாக வீட்டில் சொன்னார்கள். படி ஏறினேன். மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து, கீழே ஊரில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓசூர்க் குளிர் காது மடலைக் கடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து, வழியில் ஜோடித்து வந்த வாக்கியங்களில் ஒன்றும் நினைவுக்கு வராமல், "ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்று மொட்டையாகக் கேட்டேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "அந்தப் பையன் உளறிட்டானா? நாலு வசனம்தானே சார்" என்றார்.

"அந்தக் கட்டுரை..." என்று ஆரம்பித்தேன்.

"அதுல ஒண்ணு தப்பா எழுதிட்டீங்க சார். தாடி மூணு மாசம்னு போட்டிருந்தீங்க. மூணு மாசம் இருபது நாள்."

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நான், "அந்த நாலு வசனமும் ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

ஞாபகம் இருக்கிறதாவது! எழுந்து நின்று வேட்டியைச் சரி செய்துகொண்டார். அப்பாவை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு போன பெண், கையில் குழந்தையோடு வாசலில் வந்து நிற்கிறாள் என்று கட்டத்தை விளக்கினார். எனக்கு அந்தப் பெண்ணின் இடம். இரண்டடி பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார்.

"வா கண்ணு. வெயில்ல எதுக்கு நிக்கறே? சோறு ஆறிப் போவுது. உள்ள வா."

கோயிலுக்கு வந்த இரண்டு பேர் நின்று எங்களைப் பார்த்தார்கள். நண்பர் முகம் சுளித்தார்.

"வெயில்லங்கறது சரியா விழல சார். இன்னொரு டேக் போயிடலாமா?" என்றார்.

நான் மறுபடியும் இரண்டடி பின்னால் போய் நின்றேன்.