விடுமுறைக்கு மூன்று நாவல்கள்

ஷஅபான் மாதத்தின் பிற்பகுதியில் மதரஸாக்கள் விடுமுறை காணும். ரமளான் திருமறைக்குரியது, எஞ்சுபவை சில நாட்களே. ஐம்பதைக் கடந்த கண்களுக்கு அந்நாட்களில் மூன்று நாவல்களே இயலும். எனவே தேர்வில் கவனம் வேண்டும்.

ஹரீரியின் மகாமாத்தை ஓதியோர் நாம். சொல்வளத்திற்கு அது போதும். ஆனால் இன்றைய அரபு மனிதன் எதற்கு அஞ்சுகிறான், எதற்கு ஏங்குகிறான் என்பதை அது உரைக்காது. மொழியைக் கற்று மக்களை அறியாதிருப்பது கல்வியாகுமா?

ஆகவே, அரபு நாவலுக்கான சர்வதேசப் பரிசு பெற்ற இரு நூல்களைத் தேர்ந்துள்ளேன். 2024-இல் பரிசு பெற்ற பாஸிம் கந்தக்ஜி, அப்போது இஸ்ரேலியச் சிறையிலிருந்த பாலஸ்தீனர். அவருடைய நாயகன், கிடைத்த இஸ்ரேலிய அடையாள அட்டையால் வேற்றாளாக வேடம் பூணுகிறான். 2025-இல் பரிசு பெற்ற முஹம்மது ஸமீர் நதாவின் நாவலிலோ, 1967 போர் பத்தாண்டுகளுக்குப் பின்னும் நீடிப்பதாக ஓர் எகிப்தியக் கிராமமே நம்பிக்கிடக்கிறது.

நாவல் நமக்கு ஆகாதென்போர் சித்திலெப்பையை நினைக்கட்டும். 1885-லேயே 'அசன்பே சரித்திரம்' தந்தவர் அவர்.

மூன்றாவது, புதிய தமிழ் நாவல். அதை என் மாணவர் ஒருவர் தேர்ந்து தரட்டும். இளையோர் உள்ளம் எதை நாடுகிறதென்பதையும் அதனால் அறியலாமன்றோ!