மணிக்கு எத்தனை கிலோ?

கணினிகளுக்குப் போட்டி வைப்பது என் பிழைப்பு. ஆய்வுக்கூடத்தில் பல கணினிகளைப் பிணைத்து, பலர் பங்கிட்டுக்கொள்ளும் கிளஸ்டரில் எந்த பிராசசர் ஓடுகிறது, எது நொண்டுகிறது என்று எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கைக் கொடுத்து நேரம் பார்ப்போம். கொல்லிமலையில் ஒரே கொட்டகையில் சாமையின் உமி நீக்கும் இரண்டு விதமான இயந்திரங்கள் ஓடுகின்றன என்று கேள்விப்பட்டதும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பொறுத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

மகளிர் குழு நடத்தும் கொட்டகை அது. சுற்றியுள்ள சிற்றூர்களுக்கெல்லாம் பொது. இந்த மலையாளிப் பழங்குடி ஊர்களில் ஒருகாலத்தில் சாமையும் தினையும்தான் சோறு. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியதும் சாமைக் கொல்லைகள் சுருங்கின. மரவள்ளிப் பணம் மட்டும் காரணமில்லை. குத்தி, புடைத்து, மறுபடி குத்தும் வேலை முழுக்கப் பெண்கள் தோளில் இருந்தது. ரேஷன் அரிசிக்கு உலக்கை வேண்டாம். தொண்ணூறுகளிலிருந்து இங்கே வேலை செய்யும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதையோடு நிற்காமல் அரவை இயந்திரங்களையும் குழுக்களிடம் கொண்டுவந்தது அதனால்தான். ஐ.நா.வின் சிறுதானிய ஆண்டோ அதற்கு வெகு பின்னால், 2023இல்தான் வந்தது.

ஓர் இயந்திரம் கல்லில் உரசி உமியை எடுப்பது. மற்றது சுழலும் தட்டிலிருந்து மணியை வீசிச் சுவரில் அடித்து உமியை உடைப்பது. உமியைக் காற்று ஊதித் தள்ளிவிடும். ஒரே மூட்டையைப் பாதியாகப் பிரித்து இரண்டிலும் போடச் சொன்னேன். வீசும் இயந்திரம் வெகுவாக முந்தியது. நான் நோட்டில் குறிப்பதைப் பார்த்துக் குழுவைச் சேர்ந்த அக்கா ஒருவர் சிரித்தார்.

“நேரத்த மட்டும் எழுதறீங்களே, அரிசியப் பாக்கலீங்களா?”

ஒரு பிடி அள்ளி முறத்தில் பரப்பினார். முழு அரிசி, குருணை, உமி போகாத மணி மூன்றையும் விரலாலேயே ஒதுக்கிக் காட்டினார். தட்டு வேகமாகச் சுற்றினால் குருணை கூடும். மெதுவானால் உமியோடு மணி தங்கும். “ஈரமிருந்தா உமி உடாதுங்க. ரொம்பக் காஞ்சா நொறுங்கிரும்.” கரண்டில் அழுத்தம் குறைந்தால் அதே இயந்திரமே வேறு இயந்திரமாகிவிடுகிறது. இது எனக்குப் பழக்கமான தொல்லை. ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல் கணினிகளிலும் ஒன்றின் விசிறியில் தூசி அடைத்திருக்கும். சூடேறிய பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியில் அச்சடித்த எண்ணோ மாறாது.

பெரிய கணினிகளிலும் இதே கதைதான். சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் கட்டிய ‘கப்ரு’ கிளஸ்டர் 2004இல் உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலில் ஏறியது. 144 கணினிகள், ஒவ்வொன்றிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஸியான் பிராசசர் இரண்டு. ஏட்டளவில் வேகம் ஏறத்தாழ 1.38 டெராஃப்ளாப், லின்பேக் சோதனையில் ஓடிக் காட்டியது ஏறத்தாழ ஒன்று. லின்பேக்கும் ஒருவகைச் சமன்பாட்டுக் கணக்குதான். உங்கள் வேலை வேறாக இருந்தால் அந்த எண்ணும் உங்களுக்கு உதவாது. பட்டியலில் ஏறுவதற்காகவே இயந்திரம் வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

கொட்டகையில் வேகத்தைவிடப் பெரிய விஷயம் மூலையில் இருந்தது. இயந்திரங்கள் இரண்டும் ஓய்ந்து வெகுநேரமாகியும் மூன்று பெண்கள் புடைத்துக்கொண்டும் கல் பொறுக்கிக்கொண்டும் இருந்தார்கள். மண் களத்தில் அடித்த சாமையில் பொடிக்கல் சாமை அளவிலேயே கிடக்கும், சல்லடைக்குச் சிக்காது. உமி நீக்கும் நேரத்தைப் பாதியாக்கினாலும் மூட்டை வீடு போய்ச் சேரும் நேரம் பெரிதாகக் குறையாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் கணினிகளைப் பற்றிச் சொன்னதும் இதையே. அவர் பெயரில் விதியாகப் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. இங்கே மூன்று பேரின் இடுப்புவலியாக இருக்கிறது. அடுத்த மானியத்தில் மூன்றாவது உமி இயந்திரம் கேட்பதைவிடக் கல் நீக்கும் இயந்திரம் கேட்கலாம் என்றேன். அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்றார் அக்கா, கொஞ்சம் இளக்காரமாகவே.

எந்த இயந்திரம் நல்லது என்று அக்காவைக் கேட்டுப் பார்த்தேன். விற்பனைக்குப் போகும் சாமைக்குக் குருணை குறைவாக விழுவது நல்லது. வீட்டுக்கு என்றால் சீக்கிரம் முடிவது போதும், குருணை கூழுக்கு ஆகும். வருகிறவரை முதலில் “வூட்டுக்கா, யாவாரத்துக்கா?” என்று கேட்டுத்தான் வரிசையில் நிறுத்துகிறார். அதற்குள் ஒருவர் மூட்டையோடு வந்தார். அக்கா நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு வெயில் காட்டிக்கொண்டு வரச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார்.